மின்சாரத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரே செனட் குழுவா?

போய்சிக்குப் புதியவன் கேட்கிறார்:

நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு இப்போது ஐடஹோ மாநிலம் போய்சிக்குக் குடிவந்திருக்கிறோம். ஊரைத் தாண்டித் தெற்கே காரில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீடே இல்லை. 'நில மேலாண்மைப் பணியகம்' என்ற மத்திய அரசு அமைப்பின் முக்கோணச் சின்னம் போட்ட பலகை ஒன்று நிற்கிறது. யாருடைய மாடுகளோ மேய்கின்றன. கூடாரம் அடித்துத் தங்கினாலும் கேட்பார் இல்லை.

2025 ஜூனில் அந்த நிலத்தை விற்கப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒரே கொந்தளிப்பு. அதிகம் கொதித்தவர்கள் மான் வேட்டைக்குப் போகிற, குடியரசுக் கட்சிக்கே வாக்களிக்கிற நண்பர்கள். யோசனை செனட்டின் எரிசக்தி, இயற்கை வளக் குழுத் தலைவருடையதாம். மின்சாரத்தைப் பார்க்கும் குழுவுக்கு மேய்ச்சல் நிலத்தோடு என்ன சம்பந்தம்? நம் நாடாளுமன்ற நிலைக்குழுக்களைப் போல அறிக்கை கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிற குழுவா, நிஜமாகவே அதிகாரம் உள்ளதா?

கம்பித்தடம் பதில்:

மேற்கு மாநிலங்களில் உயர் அழுத்த மின்தடங்களுக்கு அனுமதி வாங்கித் தருவதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் குழுவின் விசாரணைகளை, மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பது போல, விடாமல் பார்க்கிறவன்.

முதலில் வந்தது நிலம்தான். 1816இல் 'பொது நிலங்கள் குழு' என்று தொடங்கினார்கள். புதிய பிரதேசங்களை அளந்து விற்பதுதான் அன்றைய அரசுக்குப் பெரிய வேலை. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977இல், எரிசக்தியையும் சேர்த்துப் பெயரை மாற்றினார்கள். எரிசக்தித் துறை என்ற அமைச்சகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். சேர்த்ததில் நியாயம் இருக்கிறது. மேற்கே நிலக்கரியும் எரிவாயுவும் பெரும்பாலும் மத்திய அரசு நிலத்துக்கு அடியில் கிடக்கின்றன; பெரிய அணைகள் பல மத்திய அரசு கட்டியவை. நான் வரைகிற தடம் எதுவும் அந்த முக்கோணப் பலகையைத் தாண்டாமல் போனதில்லை.

நீங்கள் பார்த்த மாடுகள் சும்மா மேயவில்லை. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2025இல் கட்டணம் 1 டாலர் 35 சென்ட். தனியார் நிலத்தில் இதைப்போல் பல மடங்கு கேட்பார்கள். அதைவிட வேடிக்கை, 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பது. பொது நிலத்தில் தங்கம் எடுப்பவர் மத்திய அரசுக்கு உரிமத்தொகையாக ஒரு சென்ட்டும் தர வேண்டாம். எண்ணெய் எடுப்பவர் மட்டும் 1920இலிருந்து தந்துகொண்டிருக்கிறார். சுரங்கச் சட்டத்தைத் திருத்தும் மசோதாக்கள் இந்தக் குழுவுக்கு வருவதும் தூங்குவதும் வாடிக்கை.

அதிகாரம் உண்டா என்கிறீர்கள். ஒரு விஷயத்தை எடுக்காமல் விடுவதில்தான் முழு அதிகாரமும் இருக்கிறது. விசாரணைத் தேதியைக் குறிப்பது தலைவர். 2022இல் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் கிளிக்கை மறுபடி நியமிக்க பைடன் பெயர் அனுப்பினார். குழுத் தலைவர் ஜோ மான்சின் பைடனின் கட்சிக்காரர்தான். ஆனால் நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாக்காரர். எரிவாயுக் குழாய்களுக்கு அனுமதி தருவதில் பருவநிலைத் தாக்கத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று ஆணையம் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்து வாக்களிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை; நியமனத்துக்கான விசாரணையையே வைக்கவில்லை. 2023 ஜனவரித் தொடக்கத்தில் கிளிக் வெளியேறினார், ஆணையத்தில் இரு கட்சிக்கும் இரண்டிரண்டு பேர் என்று நின்றது. எனக்குத் தெரிந்த மின்தடக்காரர்கள் அன்று விட்ட பெருமூச்சு சாதாரணமானதல்ல.

யூட்டா ஆசிரியை பதில்:

நில விற்பனை பற்றி ஒரு வார்த்தை. யூட்டாவில் ஏறக்குறைய 63 சதவீத நிலம் மத்திய அரசுடையது. நெவாடாவில் 80ஐத் தொடும். கனெக்டிகட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. எங்கள் மாவட்டம் இந்த நிலத்துக்குச் சொத்து வரி போட முடியாது. ஈடாக 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தொகை வருகிறது; அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று அறிய வாஷிங்டனைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இது எப்படிப்பட்ட கணக்கு என்று யோசியுங்கள்.

இன்னொரு கூத்து. யூட்டா மாநிலமானபோது ஒவ்வொரு முப்பத்தாறு சதுர மைலுக்கும் நான்கு சதுர மைலைப் பள்ளிகளுக்கு என்று கொடுத்தார்கள். வரைபடத்தில் அவை மத்திய அரசு நிலத்தின் நடுவே நீலக் கட்டங்களாகச் சிதறிக் கிடக்கும். சாலை போகாத பாறைக்கு நடுவில் ஒரு சதுர மைல் இருந்து பள்ளிக்கு என்ன வருமானம்? சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் வாங்கிக்கொள்ளும் நிலமாற்றுப் பேச்சுகள் அதனால்தான் முடியாமல் தொடர்கின்றன. விற்பனையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கிழக்கே உட்கார்ந்துகொண்டு 'அத்தனையும் பொதுச்சொத்து' என்று உருகுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

கம்பித்தடம்:

அம்மா சொல்வது சரிதான். உறுப்பினர் பட்டியலில் மேற்கு மாநிலத்தவர் நிறைந்திருப்பதற்கும் அதுதான் காரணம். மெய்னின் ஆங்கஸ் கிங் போன்ற கிழக்கத்தியவர்கள் சிலரே. ஆனால் மேற்கு என்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதில்லை. 2025இல் விற்பனையை முன்வைத்த குழுத் தலைவர் யூட்டாவின் மைக் லீ, வீட்டுவசதிக்கு என்றார். பதினொரு மாநிலங்களில் இருபது முதல் முப்பது லட்சம் ஏக்கர். எதிர்த்தவர்களில் அவர் கட்சியின் ஐடஹோ, மொன்டானா செனட்டர்களும் இருந்தார்கள். வரவுசெலவு மசோதாவுக்குள் இதை வைக்க விதி இடம் தராது என்று செனட்டின் விதிகளுக்கு விளக்கம் சொல்லும் அதிகாரி சொன்னார். சுருக்கிப் பார்த்தும் எடுபடாமல் ஜூன் 28 அன்று லீ கைவிட்டார்.

பழைய நாளிதழ் பதில்:

இதே குழுவின் முன்னோடிதான் டீபாட் டோம் ஊழலை வெளிக்கொண்டு வந்தது. வயோமிங்கில் கடற்படைக்கு ஒதுக்கிய எண்ணெய் வயலை உள்துறைச் செயலர் (அங்கே பொது நிலங்களைப் பார்க்கும் அமைச்சர்) ஆல்பர்ட் ஃபால் ஏலம் விடாமல் குத்தகைக்குக் கொடுத்தார். 1923 அக்டோபரில் மொன்டானா செனட்டர் தாமஸ் வால்ஷ் விசாரணை தொடங்கினார். ஃபால் இதேபோல் கொடுத்த கலிபோர்னிய வயல் ஒன்றைக் குத்தகை எடுத்த எண்ணெய் அதிபரின் மகன் ஒரு லட்சம் டாலரைக் கறுப்புப் பையில் போட்டு ஃபாலிடம் கொண்டுபோய்க் கொடுத்த கதை அங்கேதான் வெளிவந்தது. ஃபால் சிறைக்குப் போனார். வயோமிங் வயலை எடுத்த ஹாரி சின்க்ளேர், குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காகவும் உள்ளே போனார். இது வெறும் அறிக்கைக் குழுவா?

போய்சிக்குப் புதியவன்:

நன்றி. நான் யாருக்குப் போன் செய்வது? குழுத் தலைவர் அலுவலகத்துக்கா?

கம்பித்தடம்:

வேண்டாம், அங்கே யூட்டாக்காரர் குரலைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் ஐடஹோ செனட்டர் ஜிம் ரிஷ் அந்தக் குழுவிலேயே உட்கார்ந்திருக்கிறார். போய்சியிலேயே அலுவலகம் உண்டு. போன் செய்தால் முதலில் எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேட்டைக்கார நண்பர்களையும் பேசச் சொல்லுங்கள், அவர்கள் சொன்னால் கொஞ்சம் கூடுதலாகவே காதில் விழும்.