அலமாரிக்குள் வைத்த பெரணி வித்துகள் முளைக்கவில்லை: உதவி தேவை

தொட்டிச்செடி:
வணக்கம். ஒரே அடியாண்டம் பெரணிச் செடியின் வித்துகளை (ஸ்போர்) மூன்று பெட்டிகளில் ஈர மண்கலவைமேல் தூவி மூடிவைத்தேன். அலமாரிக்குள் இருப்பதில் அசைவே இல்லை. நீல விளக்கின் கீழ் இருப்பதிலும் அப்படியே. சிவப்பு விளக்கின் கீழ் மட்டும் பச்சை இழைகள் தெரிகின்றன. ஆனால் படங்களில் பார்க்கும் இதய வடிவம் வரவில்லை. மற்ற இரண்டையும் கொட்டிவிடலாமா?

நுண்ணோக்கி:
கொட்டாதீர்கள்! வித்துகள் உயிரோடுதான் இருக்கின்றன, சிவப்புப் பெட்டியே அதற்குச் சாட்சி. நீரை உறிஞ்சிய வித்துக்குள் பைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி அதைத் தூண்டும். உடனே 730 நானோமீட்டர் அளவில் தொலைச்சிவப்பு ஒளி (சிவப்பைவிட நீண்ட அலைநீள ஒளி) பட்டால் தூண்டுதல் ரத்தாகிவிடும். இருட்டில் தூண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. நீல ஒளியோ அடியாண்டத்தில் முளைப்பைத் தடுக்கவே செய்கிறது. அடர்ந்த மரநிழலும் இப்படித்தான்: மேலே உள்ள இலைகள் சிவப்பை விழுங்கிவிட்டுத் தொலைச்சிவப்பைக் கீழே விடுகின்றன.

இழைகள் இழைகளாகவே நிற்பதற்கும் ஒளிதான் காரணம். சிவப்பு ஒளி மட்டும் கிடைத்தால் அவை நீண்டுகொண்டே போகும். நுனி பருத்து, செல்கள் பக்கவாட்டிலும் பிரிந்து, நீங்கள் சொன்ன இதய வடிவத் தகடாக விரிய நீல ஒளி வேண்டும். முளைக்கவிடாத அதே நீலம்தான்! மூன்று பெட்டிகளையும், சிவப்பும் நீலமும் கலந்த வெள்ளை விளக்கின் கீழ் மாற்றுங்கள். நேர் வெயில் வேண்டாம். மூடிய பெட்டி வெந்துவிடும்.

வனப்பாதை:
ஒளி கட்டாயம் என்பதை நான் ஏற்கமாட்டேன். என்னிடம் இருட்டிலேயே முளைத்திருக்கின்றன.

நுண்ணோக்கி:
எந்த இனம், ஐயா? எல்லாப் பெரணிக்கும் ஒரே விதி கிடையாது. அந்தப் பெட்டியில் ஏற்கெனவே வளர்ந்த தகடுகள் இருந்தனவா? சில இனங்களில் அவை வெளியிடும் ஆன்தெரிடியோஜென் என்ற பொருள், பக்கத்து வித்துகளை இருட்டிலும் முளைக்கவைக்கும்.

வனப்பாதை:
இருந்தன. பழைய பெட்டியில்தான் புதிதாகத் தூவினேன்.

பாசிக்கண்:
ஆஸ்முண்டா போன்ற பெரணிகளின் பச்சை வித்துகள் என்றால் தாமதிக்கக் கூடாது. அவை சீக்கிரம் உயிரிழக்கும். உதிர்ந்த கையோடு தூவிவிட வேண்டும்.

தொட்டிச்செடி:
மிக்க நன்றி. இன்று மாலையே மாற்றிவிடுகிறேன். இன்னொரு சந்தேகம்: அடுத்த முறை தூவியபின் மேலே மெல்லிதாக மண் போடலாமா?

நுண்ணோக்கி:
வேண்டாம். சில மில்லிமீட்டர் மண் மூடினாலே ஒளி போய்ச் சேராது.