புதுப்பிப்பு: நாடுகளின் மருத்துவச் செலவும் வருமானமும்

ஒரு நாட்டின் மருத்துவச் செலவை அதன் வருமானமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று இந்த இழையின் தொடக்கத்தில் உறுதியாக எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

1977இல் பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் 13 நாடுகளை ஒப்பிட்டு, தலா மருத்துவச் செலவில் காணும் வேறுபாட்டில் 90 சதவீதத்துக்கும் மேலானதைத் தலா வருமானம் விளக்குவதாகக் காட்டினார். அவர் ஒப்பிட்டது நாடுகளை. நானோ பல ஆண்டுத் தரவையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டேன். செலவு, வருமானம் ஆகிய இரண்டு தொடர்களும் ஆண்டுதோறும் ஏறுபவை. தொடர்பே இல்லாவிட்டாலும் சேர்ந்து ஏறுவது உறவுபோலத் தோன்றும். பொருளியலாளர்கள் ஹேன்சனும் கிங்கும் 1996இலேயே எச்சரித்தது இதைத்தான். சுட்டிக்காட்டிய நண்பருக்கு மனமார்ந்த நன்றி.

ஆண்டு மாற்றங்களை மட்டும் வைத்து மீண்டும் கணக்கிட்டதில், ஒன்றுக்கு மேல் இருந்த வருமான நெகிழ்ச்சி (வருமானம் ஒரு சதவீதம் கூடினால் செலவு எத்தனை சதவீதம் கூடும் என்ற அளவு) ஒன்றுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மக்கள்தொகையில் முதியோர் விகிதத்தை என் கணக்கீட்டு மாதிரியிலிருந்து நீக்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் அதன் குணகத்தை, அதாவது அது செலவை எவ்வளவு ஏற்றுகிறது என்று மாதிரி காட்டும் எண்ணை, இனி அப்படியே நம்பமாட்டேன். வயதைவிட, மரணத்துக்கு எஞ்சியிருக்கும் காலமே செலவை ஏற்றுகிறது என்று சுவிட்சர்லாந்துத் தரவைக் கொண்டு பொருளியலாளர் ஸ்வைஃபெல் குழுவினர் 1999இல் வாதிட்டார்கள். அடுத்து, சிகிச்சைகளின் விலையைச் சேர்த்துப் பார்க்கிறேன். அமெரிக்காவின் செலவை அதைச் சேர்க்காமல் விளக்கவே முடியாது.