300 வார்த்தை, ஒரே நிமிஷம்

குடும்பக் குழு: வேளச்சேரி வீடு

அக்கா, இரவு 8.14
கவினுடைய தமிழ் மிஸ் கூப்பிட்டுப் பேசினார்கள். கட்டுரையைக் கூகுள் டாக்ஸில் எழுதி லிங்க் அனுப்பச் சொல்லியிருந்தார்களாம், எப்போது எதை எழுதினான் என்று காட்டுகிற வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தால் 10.42க்கு வெறும் பக்கம், 10.43க்கு 300 வார்த்தை. என் மானமே போயிற்று.

நான், 8.16
ஹாஹா, ஒன்பதாவதிலேயே இந்த வேகமா. தலைப்பு என்ன?

அக்கா, 8.17
நீரின்றி அமையாது உலகு. நைல் வருகிறது, அமேசான் வருகிறது, செம்பரம்பாக்கம் மட்டும் இல்லை.

அப்பா, 8.19
ஃபோனைப் பிடுங்கி வை.

நான், 8.21
அப்பா, ஃபோனில்தான் எல்லாமே இருக்கிறது. அக்கா, ஆங்கிலப் பிழை திருத்துகிற கிராமர்லி தமிழுக்கு உதவாது. நீச்சல்காரன் செய்த வாணி எழுத்துப்பிழையைக் காட்டும், அவருடைய நாவி சந்திப்பிழையைக் காட்டும், இரண்டும் இணையத்தில் இலவசம்.

சித்தி, 8.26
நாவி நல்லதுதான்டா, ஆனால் எழுதி முடித்த பிறகு. என்னிடம் டியூஷன் வருகிற ஒரு பெண் "அந்தக் குடம்" என்று திருத்தக் கற்றுக்கொண்டு, அதே ஜோரில் "பெரியக் குடம்" என்றும் எழுதிவிட்டாள். பெரிய குடத்துக்கு எதற்கு க்?

அக்கா, 8.27
சித்தி, நீங்களே டாக்ஸில் திருத்திக் கொடுங்களேன்.

சித்தி, 8.31
திருத்தத்தை யோசனையாக மட்டும் காட்டுகிற சஜெஸ்டிங் மோடில் திருத்தினால் பிள்ளைகள் படிக்காமலே டிக் டிக் என்று தட்டிவிடுகிறார்கள். அதனால் நான் திருத்துவதே இல்லை, ஓரத்தில் கமென்ட் மட்டும் போடுவேன், "எப்போது?", "யார் சொன்னது?", "நீ பார்த்தாயா?" என்று. அதற்குப் பதில் எழுதினாலே ஒரு பத்தி தேறிவிடும். தகவல் வேண்டுமென்றால் தமிழ் விக்கிப்பீடியா, பழைய நூல் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம், அப்புறம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். ஆனால் இந்தத் தலைப்புக்கு அதெல்லாம் எதற்கு, வீட்டிலேயே தாத்தா இருக்கும்போது.

அப்பா, 8.33
நான் என்ன செய்தேன்?

சித்தி, 8.34
2019 மாமா. தண்ணீர் லாரி.

அப்பா, 8.41
அதை ஏன் கேட்கிறாய். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, 50 வேகன், ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர், டிவியில் மாலை போட்டு வரவேற்றார்கள். நம் தெருவில் லாரி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. விடிகாலை நாலு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுப்பேன்.

நான், 8.43
கவின், இதை அப்படியே தாத்தாவைச் சொல்ல வைத்து டாக்ஸில் பேச்சை எழுத்தாக்குகிற மைக்கை அழுத்திப் பதிவு பண்ணு, தமிழ் ஓரளவு நன்றாகவே விழும். புள்ளி, கமா மட்டும் நீதான் போட வேண்டும்.

கவின், 8.47
மாமா, மறுபடியும் ஒரே நிமிஷத்தில் வந்தது மாதிரி காட்டாதா?

நான், 8.48
தாத்தா பேசுகிற வேகத்துக்கு ஒரு மணி நேரம் காட்டும். பயப்படாதே.

கவின், 8.52
தாத்தா, நம்ம குடம் என்ன கலர்?

அப்பா, 8.55
பச்சை. எல்லார் வீட்டிலும் பச்சைதான். மாறிப்போகாமல் இருக்க உன் பாட்டி நெயில் பாலிஷில் கதவு எண்ணை எழுதியிருந்தாள். அப்படியும் ஒருநாள் எவனோ எடுத்துப் போய்விட்டான், எண்ணைச் சுரண்டிவிட்டுத் தன் எண்ணை எழுதியிருந்தான்

கவின், 8.56
யாரு??

அக்கா, 8.57
இங்கே கேட்காதே, தாத்தா ரூமுக்குப் போ. சார்ஜரையும் எடுத்துக்கொள்.