குடும்பக் குழு: இசட்எஃப் நஷ்டமும் அம்பத்தூர் வேலையும்

அத்தை, காலை 8:12
எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்கு அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் இசட்எஃப் கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா? இப்போது பார்த்தால் அதன் ஜெர்மன் தாய்க் கம்பெனிக்கு 2024-இல் 102 கோடி யூரோ நஷ்டம் என்று செய்தி. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

மாமா, 8:15
நம் பணத்தில் 9,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது மச்சான். 2028-க்குள் ஜெர்மனியில் 14,000 பேர் வரை குறைக்கப் போகிறார்களாம். இந்த நேரத்தில் போய்ச் சேர்வது சரியா?

பெரியப்பா, 8:41
ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டேன். முதலில் விற்பனை. 2023-இல் 4,660 கோடி யூரோ, 2024-இல் 4,140 கோடி. 11 சதவீதம் இறக்கம். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கார்களின் சக்கர அச்சுப் பகுதிகளைப் பூட்டிக் கொடுக்கும் தொழிலில் பாதிப் பங்கை தைவானின் ஃபாக்ஸ்கான் கம்பெனிக்கு விற்று, அதைக் கூட்டு நிறுவனமாக மாற்றிவிட்டார்கள். அந்தத் தொழிலின் விற்பனை இப்போது இவர்கள் கணக்கில் வராது. இந்த மாதிரி மாற்றங்களை ஒதுக்கிப் பார்த்தால் சரிவு சுமார் 3 சதவீதம்தான்.

பெரியப்பா, 8:44
அடுத்து, வட்டி, வரி, சிறப்புச் செலவு எல்லாம் கழிப்பதற்கு முன் தொழிலில் நின்ற லாபம் 150 கோடி யூரோ. 100 ரூபாய்க்கு விற்றால் 3 ரூபாய் 60 காசு. முந்தைய வருடம் 5 ரூபாய் 10 காசு நின்றது.

அத்தை, 8:46
லாபம் நின்றிருக்கிறதே அண்ணா. அப்புறம் நஷ்டம் எங்கிருந்து வந்தது?

பெரியப்பா, 8:58
நல்ல கேள்வி அம்மா. முக்கியமாக இரண்டு இடத்தில் போகிறது. ஆட்குறைப்புக்கும் சீரமைப்புக்கும் சுமார் 60 கோடி யூரோவை 2024 கணக்கிலேயே செலவாக எழுதி ஒதுக்கிவிட்டார்கள். பணம் பிறகுதான் கையை விட்டுப் போகும், செலவு முன்பே கணக்கில் ஏறிவிட்டது. இன்னொன்று வட்டி. 2015-இல் டிஆர்டபிள்யூ, 2020-இல் வாப்கோ என்று இரண்டு பெரிய கம்பெனிகளைக் கடன் வாங்கி வாங்கினார்கள். நிகரக் கடன், அதாவது கையிருப்புப் பணத்தைக் கழித்த கடன், 2024 முடிவில் 1,050 கோடி யூரோ அளவில் நின்றது. ஒதுக்கீடு ஒரு வருடத்தை அடித்துவிட்டுப் போய்விடும். வட்டி வருடா வருடம் வரும். என்னைக் கேட்டால் அந்த நஷ்டத்தைவிட இந்தக் கடன்தான் கவனிக்க வேண்டியது.

தங்கை (ஜெர்மனி), 10:05
இப்போதுதான் எழுந்தேன். நான் இருக்கும் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் அவர்களின் தலைமை ஊர். 1915-இல் செப்பலின் ஆகாயக் கப்பலுக்குப் பல்சக்கரம் செய்யத் தொடங்கிய கம்பெனி. இன்றும் 93.8 சதவீதப் பங்கு செப்பலின் அறக்கட்டளையிடம். அதை நடத்துவது நகராட்சி. லாபப் பங்கு ஊரின் பொதுநலச் செலவுக்குப் போகிறது. அதனால் இங்கே கடைத்தெருவில்கூட இதே பேச்சுதான். பயம் அதிகம் இருப்பது கார்களுக்கான மின்மோட்டார், கியர் செய்யும் பிரிவில். மின்கார் விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை, போட்ட முதல் அப்படியே நிற்கிறது.

மாமா, 10:09
தம்பிக்குக் கிடைத்திருப்பது அந்தப் பிரிவா?

அத்தை, 10:11
இல்லை. ஏபிஎஸ் சோதனைப் பிரிவு என்று போட்டிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பாம்.

அண்ணன் (அம்பத்தூர்), 10:30
அத்தை, அப்படியென்றால் அது வேறு கதை. இங்கே இருப்பது லாரி, பஸ் பிரேக் தொழில். 1962-இல் சுந்தரம் கிளேட்டனாகத் தொடங்கியது. பிறகு வாப்கோ டிவிஎஸ், அப்புறம் வாப்கோ இந்தியா, 2022 முதல் இந்தப் பெயர். எஸ்டேட்டில் பழைய ஆட்கள் இன்னும் கிளேட்டன் என்றுதான் சொல்வார்கள். லாரி நிற்கும்போது புஸ்ஸென்று காற்று விடுகிறதே, அந்தக் காற்றை ஈரமில்லாமல் உலர்த்தும் பெட்டி, மிதி வால்வு, பிரேக் சேம்பர் எல்லாம் இவர்கள் சரக்கு. கனரக வண்டிகளுக்கு ஏபிஎஸ் 2015-இல் கட்டாயமானது. லாரி ஓடும் வரை அந்த வேலை இருக்கும்.

மாமா, 10:34
சரி. ஆனால் தாய்க் கம்பெனி நஷ்டத்தை இங்கே ஏற்றிவிட மாட்டார்களா?

பெரியப்பா, 10:52
அப்படி ஏற்ற முடியாது மாப்பிள்ளை. சென்னைக் கம்பெனி தனியாகப் பங்குச் சந்தையில் இருப்பது. அதற்குத் தனிக் கணக்கு, தனித் தணிக்கை. லாபத்தில்தான் ஓடுகிறது. ஆனால் தொடர்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இங்கே செய்யும் சரக்கில் ஒரு பகுதி குழுமத்தின் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கே ஏற்றுமதியாகிறது. ஐரோப்பாவில் லாரி விற்பனை படுத்தால் அந்த ஆர்டர் குறையும். ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை என்று ஒரு பக்கம் இருக்கும். யாருக்கு எவ்வளவு விற்றார்கள், யாருக்கு என்ன கட்டணம் கட்டினார்கள் எல்லாம் அதில் தெரியும். நான் எந்தக் கம்பெனி அறிக்கையை எடுத்தாலும் தலைவர் உரையைத் தள்ளிவிட்டு முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் போவேன். தம்பியையும் அதைப் படிக்கச் சொல்.

அத்தை, 10:55
அப்போது சேரலாமா அண்ணா?

பெரியப்பா, 10:57
தாராளமாகச் சேரட்டும். தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்று மட்டும் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் (அம்பத்தூர்), 11:02
தங்க இடம் பார்க்க வேண்டாம் அத்தை. எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அத்தை, 11:03
சரிப்பா. இன்றைக்கே பதில் அனுப்பச் சொல்கிறேன்.