ஒன்லைன் (முழுக் கதையையும் ஒரே வாக்கியத்தில் சொல்வது) சொல்லப் போன இடத்தில் என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

வானவில், விண்மீன், டிவி2 என்று எந்த டிவி சேனலில் இடம் கிடைத்தாலும் டெலிமூவி எழுதுகிறவன் நான். ஒரு தயாரிப்பாளருக்கு வரும் கதைகளை முதலில் கேட்டு வடிகட்டும் வேலையும் சில சமயம் என் தலையில் விழும். பெரும்பாலும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் உட்காருவோம். மதியக் கூட்டம் போய்விட்டால் அங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "அண்ணே, இது நம்ம சமுதாயத்துக்குத் தேவையான கதை" என்றுதான் தொடங்குவார்கள். தேவைதான், யார் இல்லை என்றது? கதை யாரைப் பற்றியது என்று தெரிவதற்குள் தே தாரேக்கில் (ஆற்றிய பால் தேநீரில்) ஆடை கட்டிவிடும்.

போன வருஷம் ஒரு தம்பி வந்தான், லோரி ஓட்டுகிறவன். கதை, தோட்டத்துக் கோயில் ஒன்றைப் பற்றியது. "பூசாரி மகனுக்கும் தெய்வத்துக்கும் நடுவுல நடக்குற பாசப் போராட்டம்ணே" என்றான். பாசப் போராட்டத்தைக் கேமரா எப்படிப் பிடிக்கும்?

"மகன் என்ன வேலை செய்றான்?"

"காவலாளிண்ணே."

"எங்க?"

"கோயில் நிலத்தை வாங்குன கம்பெனியிலதான்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு நல்ல விஷயத்தை இரண்டாம் பாதியில் ஒளித்து வைத்திருந்தான். ட்விஸ்டாம்!

அங்கேயே பில்லின் பின்பக்கத்தில் எழுதினோம்: "கோயில் நிலத்தை வாங்கிய நிறுவனத்துக்கே காவலாளியாக இருக்கும் பூசாரி மகன், புல்டோசர் வருவதற்குள் அம்மன் சிலையை வேலி தாண்டிக் கடத்தப் பார்க்கிறான்."

இதில் பெயர் இல்லை. 'குமார்' என்றால் கேட்கிறவருக்கு எதுவும் தெரியாது. காவலாளி என்றால் சீருடை முதற்கொண்டு கண்ணில் தெரியும். அவனுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதற்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிட்டது. தடுப்பது ஒரு வில்லன்கூட இல்லை, அவன் வாங்குகிற சம்பளம். சிலை வெளியே போனதா என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் 25, 30 சொற்களுக்குள் அடக்கச் சொல்வார்கள். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 15, 20 சொற்களிலேயே அதே அளவு வந்துவிடும். நமக்கு வினைமுற்று கடைசியில் வேறு வருகிறது. 'தாயை இழந்த, காதலில் தோற்ற, மனம் உடைந்த' என்று முன்னால் அடுக்கினால், அவன் என்ன செய்தான் என்று வருவதற்குள் எதிரே இருப்பவர் ஃபோனை எடுத்துவிடுவார்.

பினாங்கு

முடிவைச் சொல்லாதது பற்றி ஒன்று. ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு முதலீட்டாளரைப் பார்க்க நண்பரோடு போயிருந்தேன். ஒன்லைன் அவருக்குப் பிடித்துவிட்டது. "சரி, கடைசியில என்ன ஆகுது?" என்று கேட்டார். "அது சஸ்பென்ஸ் சார்" என்று நண்பர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. "டிக்கெட் வாங்குறவனுக்குத்தான் தம்பி சஸ்பென்ஸ். காசு போடுறவனுக்கு என்னத்துக்கு?" என்றார். அப்புறம் பேச்சு நாசி கண்டார் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டது.

செந்தூல்

அவர் கேட்டது நியாயம். ஒன்லைனில்தான் முடிவு வேண்டாம். கேட்டால் அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். கதைச்சுருக்கத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

செராஸ், கோலாலம்பூர்

அண்ணே, என் கதையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. பி.பி.ஆர் ஃப்ளாட்டில் (அரசாங்கத்தின் மலிவு வீடு) தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் ஒரு நாள், அவ்வளவுதான். இதற்கெல்லாம் ஒன்லைன் எழுத முடியுமா?

செந்தூல்

அன்றைக்குப் பாட்டிக்கு என்ன வேண்டும்?

செராஸ்

பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரணும். மகள் சண்டை போட்டுப் போனதற்கு அப்புறம் முதல்முறையாகக் கேட்டிருக்கிறாள். வீடு 14-ஆவது மாடி, லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறது, பாட்டிக்கு முட்டி வலி.

செந்தூல்

ஒன்றும் நடக்காது என்றீர்களே! இதையே ஒரு வாக்கியமாக்கி இங்கே போடுங்கள், பார்ப்போம்.