மர்ட்டில் வில்சன்மீது நாவலுக்கே இரக்கம் இல்லையா?

கேள்வி – புன்னைநிழல்

ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் இரண்டு முறையும் பணக்காரக் கேட்ஸ்பியையும் அவன் நெடுநாள் காதலித்த டெய்சியையும் தொடர்ந்து போனவள், இம்முறை மெக்கானிக் ஷெட்காரரான ஜார்ஜ் வில்சனின் மனைவி மர்ட்டிலிடமே நின்றுவிட்டேன். எங்கள் வாசிப்பு வட்டத்தில் அவளைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிடங்களில் முடிந்துவிட்டது: கணவனை ஏமாற்றினாள், பணக்காரனைப் பற்றிக்கொண்டாள், கார் மோதி இறந்தாள். அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது அவளுடைய சாவு எழுதப்பட்டிருக்கும் விதம். கேட்ஸ்பி சுடப்படும்போது நாம் குண்டு பாய்வதைக்கூடப் பார்ப்பதில்லை; நீச்சல் குளத்தில் காற்று மெத்தை மெல்ல நகர்கிறது, சில இலைகள் அதைத் திருப்பிவிடுகின்றன, தண்ணீரில் மெல்லிய சிவப்பு வட்டம் ஒன்று வரையப்படுகிறது. மர்ட்டிலுக்கோ புழுதியில் கலந்த கரிய இரத்தம், பிய்ந்து தொங்கும் மார்பு, ஓரங்களில் கிழிந்து திறந்தே கிடக்கும் வாய். ஒரே நாவலில், ஒரு நாள் இடைவெளியில் நிகழும் இரண்டு சாவுகள் இவை. இந்த வேறுபாடு ஆசிரியரின் ஏளனமா, அல்லது நான் கவனிக்கத் தவறிய வேறு ஏதேனும் இதில் இருக்கிறதா?

மறுமொழி – பழம்பிரதி

கதையைச் சொல்பவன் நிக் கேரவே என்பதை இந்த நாவலில் ஒரு வரிகூட மறக்கக் கூடாது. வசதியான குடும்பத்தில் பிறந்து யேலில் படித்தவன் அவன். பிறரைப் பற்றித் தீர்ப்பு வழங்குவதில்லை என்று முதல் பக்கத்திலேயே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவன். ஆனால் மர்ட்டில் உள்ளே நுழைந்ததும் அந்த உறுதி காற்றில் போய்விடுகிறது. அவளுடைய பருத்த உடலையும், உடை மாற்றியதும் மாறும் அவளது தோரணையையும், சின்னஞ்சிறு கூடத்தில் நடக்க இடமில்லாமல் அடைத்துவைத்த பெரிய பெரிய நாற்காலிகளையும் அவன் ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்கிறான். ஆனாலும் அவளை முதன்முதலில் பார்த்த கணத்தில், அழகு என்று சொல்ல அவள் முகத்தில் ஏதுமில்லை என்றாலும் உடலின் நரம்புகளெல்லாம் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருப்பதைப் போன்ற உயிர்த்துடிப்பு தெரிந்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான். டெய்சியின் குரலுக்கு மயங்குகிறவன் டெய்சிக்குக்கூட இந்தச் சொல்லைக் கொடுப்பதில்லை.

நீங்கள் குறிப்பிடும் அந்தச் சாவு விவரணையில் இதே சொல்தான் திரும்ப வருகிறது. நெடுநாள் சேர்த்துவைத்த அந்த உயிர்த்துடிப்பை விட்டுக்கொடுக்கும்போது அவளுக்குச் சற்றே மூச்சு முட்டியதைப் போல இருந்ததாம். கிழிந்த வாயை நான் ஏளனமாகப் படிக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆசை வெளியேற அந்த வாய் போதவில்லை என்றுதான் படிக்கிறேன். மேலும் இது கைதவறி எழுதப்பட்ட கொடூரம் அல்ல. 1925 ஏப்ரலில் நூல் வெளிவருவதற்கு முன், பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்க்கின்ஸுக்கு எழுதிய கடிதத்தில் மர்ட்டிலின் மார்பைப் பற்றிய விவரம் அப்படியே இருக்க வேண்டும் என்று ஃபிட்ஸ்ஜெரால்டு வற்புறுத்தியிருக்கிறார். கேட்ஸ்பியின் சாவை அழகாக்கிக் காட்டுவதற்கு நிக்குக்குக் காரணம் இருந்தது. மர்ட்டிலை அழகாக்கிக் காட்ட அந்தக் கதையில் யாருமே இல்லை.

இரண்டாம் அத்தியாயத்தை இன்னொரு முறை பொறுமையாகப் படியுங்கள். ரயிலில், டெய்சியின் கணவனும் தன் காதலனுமான டாம் புகானனோடு ஒரே பெட்டியில் மர்ட்டில் உட்காருவதில்லை. அவனுடைய பகுதிக்காரர்கள் யாரேனும் பார்த்துவிடலாம் என்பதால் அவளுக்கு வேறு பெட்டி. நியூயார்க்கில் இறங்கியதும் நான்கு டாக்சிகளைப் போகவிட்டு, சாம்பல் நிற மெத்தை போட்ட இளம் ஊதா நிறப் புதிய டாக்சியாகப் பார்த்து ஏறுகிறாள். கணவனின் ஷெட்டில் பெட்ரோல் நெடியும் தூசியும் அப்பிய, ஓடாத ஃபோர்டு ஒன்று மூலையில் கிடப்பதை நாம் சற்று முன்புதான் பார்த்தோம். மறுநாள் வாங்க வேண்டியவை என்று அவள் ஒப்பிக்கும் பட்டியலில் விசையைத் தொட்டால் இயங்கும் சாம்பல் கிண்ணமும் ஒன்று. காற்றில் சாம்பலே பறக்கும் இடத்தில் குடியிருப்பவளுக்கு அதை அடைத்துவைக்க ஓர் அழகான கிண்ணம் வேண்டியிருக்கிறது. (நாவலின் சாம்பல் பள்ளத்தாக்கு கற்பனையன்று, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற ஊரை ஒட்டி அப்படியொரு குப்பைமேடு இருந்தது. ஆம், அங்கே அது ஊர்ப்பெயர். பின்னாளில் அந்த இடத்தைச் சீர்படுத்தித்தான் 1939-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை நடத்தினார்கள்.)

மறுமொழி – கரிசல் வாசகன்

பழம்பிரதி ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இரக்கத்தில் அவளை வெள்ளையடித்துவிடக் கூடாது. டாம் பிடித்துக்கொடுத்த வீட்டில் நுழைந்த சில மணி நேரத்திலேயே, ஐஸ் கொண்டுவரத் தாமதமானதற்காக வேலைக்காரப் பையனைப் பற்றி, ‘இந்த ஆட்களே இப்படித்தான், ஓயாமல் பின்னாலேயே நின்று வேலை வாங்க வேண்டும்’ என்ற பொருளில் சலித்துக்கொள்கிறாள். டாமின் உலகம் அவளைப் பார்க்கும் அதே பார்வையை, தனக்குக் கீழே ஒருவன் கிடைத்தவுடன் அவள் எடுத்துக்கொள்கிறாள்.

திருமணத்தன்று ஜார்ஜ் அணிந்த உடையைப் பற்றி அவள் பேசுவது இன்னும் மோசம். ஜார்ஜ் யாரிடமோ நல்ல கோட் சூட் இரவல் வாங்கித்தான் மணமேடைக்கு வந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. பின்னொரு நாள் அதன் சொந்தக்காரன் வந்து கேட்டபோது திருப்பிக் கொடுத்துவிட்டு, மாலை வரை விழுந்து விழுந்து அழுதேன் என்கிறாள். அந்த அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் இரவல் கோட்டோடு நின்ற மனிதரின் கூச்சத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே. பதினொரு ஆண்டுகள் அந்த ஷெட்டின் மாடியில் அவளுடன் வாழ்ந்தவர் அவர். அவளுக்காகக் கடைசியில் துப்பாக்கி தூக்குகிறவரும் அவர்தான், அதுவும் தவறான ஆளான கேட்ஸ்பியைத் தேடி.

மறுமொழி – வழக்குரை

ஓய்வுபெற்ற வழக்கறிஞன் என்பதால் என் கண் வேறிடத்தில் போகிறது. டாம் ஏன் மனைவியை விட்டு வரவில்லை என்பதற்கு மர்ட்டிலின் தங்கை கேத்தரின் ஒரு காரணம் சொல்கிறாள்: டெய்சி கத்தோலிக்கர், விவாகரத்தை ஏற்காதவர். டெய்சி கத்தோலிக்கர் அல்லர் என்று அறிந்த நிக்கே இந்தப் பொய்யின் நேர்த்தியைக் கண்டு திடுக்கிடுகிறான். அன்றைய நியூயார்க் மாநிலத்தில் விவாகரத்துக்கு இருந்த ஒரே அடிப்படை, துணைவரின் பிறழ்உறவுதான். 1966-இல் சட்டம் திருத்தப்படும் வரை நிலைமை இதுவே. அதாவது டெய்சி விவாகரத்து கேட்டால் அதற்குத் தேவையான சாட்சியமே மர்ட்டில்தான். வழியை அடைத்து நின்றது மதமும் அன்று, சட்டமும் அன்று. டாமுக்கு அந்த எண்ணமே இல்லை. அதை அவளிடம் நேராகச் சொல்லாமல், இல்லாத ஒரு மதத்தின்மேல் பழியைப் போட்டு அவளைக் காத்திருக்க வைத்தான். டெய்சியின் பெயரை உச்சரிக்க அவளுக்குத் தகுதி இல்லை என்று அவன் திறந்த கையால் மூக்கை உடைத்தபோதே விடை சொல்லப்பட்டுவிட்டது. அவள்தான் அதை விடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

விபத்துக்கும் இதே கணக்குதான். அன்று பிற்பகல் கேட்ஸ்பியின் மஞ்சள் காரை ஓட்டிவந்து ஷெட்டில் பெட்ரோல் போடும் டாம், போன வாரம்தான் வாங்கியதாக ஜார்ஜிடம் கூசாமல் சொல்கிறான். மாடியில் அடைத்துவைக்கப்பட்டிருந்த மர்ட்டில் ஜன்னல் வழியே அந்தக் காரைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருந்த டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கரை அவனுடைய மனைவி என்று எண்ணுகிறாள். மாலை ஏழு மணிக்கு மேல் அதே கார் திரும்பி வரும்போது, அதில் டாம் இருப்பதாக நம்பி, கைகளை வீசிக் கத்திக்கொண்டு சாலைக்கு ஓடுகிறாள். ஓட்டிவருவது டெய்சி. அவள் யாரென்று டெய்சிக்குத் தெரியாது. டெய்சி யாரென்று அவளுக்கும் தெரியாது. மரண விசாரணையில் கேத்தரின் தன் தங்கை–அக்காள் பாசத்தையெல்லாம் திரட்டி, அக்காள் கணவனோடு மிக மகிழ்ச்சியாக வாழ்ந்தாள் என்று சத்தியம் செய்கிறாள். மர்ட்டிலின் வாழ்க்கையைப் பற்றி அதிகாரபூர்வமாகப் பதிவான வாசகம் அந்தப் பொய் ஒன்றே.

கேள்வி கேட்டவர் – புன்னைநிழல்

மூவருக்கும் நன்றி. கரிசல் வாசகன் சொன்ன இரவல் கோட்டை நான் சிரித்துக்கொண்டே கடந்து போயிருந்தேன். ஜார்ஜின் பக்கம் நின்று யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேற்றிரவு நாய்க்குட்டியை மட்டும் பின்தொடர்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். தெருவில் ஒரு கிழவரிடம் மர்ட்டிலுக்காகப் பத்து டாலருக்கு வாங்கிய குட்டி அது. பால் வாங்கிவரப் போன லிஃப்ட் பையன், யாரும் சொல்லாமலே பெரிய கெட்டி பிஸ்கட்டுகள் நிறைந்த டப்பாவையும் சேர்த்து வாங்கிவருகிறான். அதிலொன்று பிற்பகல் முழுவதும் பால் தட்டில் ஊறிக் கிடக்கிறது. புகை மண்டிய அறையில் மேசைமேல் உட்கார்ந்து குட்டி அவ்வப்போது முனகுகிறது. அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று நாவல் சொல்வதே இல்லை. வெள்ளிப் பின்னல் போட்ட அதன் தோல்வார் மட்டும், மெல்லிய தாளில் சுற்றியபடி, நாயே இல்லாத வீட்டில் ஜார்ஜின் கையில் சிக்குகிறது. கடைசி அத்தியாயத்தில் டாம், நியூயார்க்கில் அவளுக்காகப் பிடித்திருந்த வீட்டைக் காலி செய்யப் போனபோது பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக் குழந்தையைப் போல் அழுததாகச் சொல்லிக்கொள்கிறான்.

அவளுடைய பட்டியலில் சாம்பல் கிண்ணத்துக்கு அடுத்து வருவது, கறுப்புப் பட்டு நாடா கட்டிய ஒரு மலர் வளையம். கோடைக்காலம் முழுவதும் வாடாமல் இருக்கும்படி தாயின் கல்லறைக்கு வைப்பதற்காக. அதே கோடை முடிவதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். வெக்கையான அந்த இரவில், குளிரில் நடுங்குபவளைப் போர்த்துவது போல ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிகளைச் சுற்றி, ஷெட்டில் வேலை செய்யும் மேசைமேல் கிடத்தியிருக்கிறார்கள். கேட்ஸ்பியின் இறுதிச் சடங்கு பக்கம் பக்கமாக வருகிறது. மர்ட்டிலை எங்கே புதைத்தார்கள் என்று இரண்டு முறை தேடினேன். ஒரு வரியும் இல்லை.