இண்டக்‌ஷன் ஸ்டவ்வில் பாத்திரத்தைத் தொட்டால் சுள்ளென்கிறது, ஸ்டவ் கோளாறா?

தேவனாம்பட்டினத்துக்காரி:
புதிதாக 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் ஸ்டவ் வாங்கியிருக்கிறோம். சமையலறையில் பெரிய பிளக் இல்லை, அதனால் மிக்ஸி போடும் பிளக்கிலேயே கன்வெர்டர் பின் மாட்டி ஓட்டுகிறோம். சாம்பார் கொதித்து முடிவதற்குள் பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, நேற்றிலிருந்து குக்கர் மூடியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு மெல்லிய ஷாக்கும் அடிக்கிறது. கடையில் கேட்டால் புதுசு அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா? அப்புறம், கண்ணாடியை எதைப் போட்டுத் துடைப்பது? மாமியார் கம்பி நாரோடு தயாராக நிற்கிறார்.

திருப்பாதிரிப்புலியூர் வயர்மேன்:
அக்கா, அப்படியெல்லாம் இருக்கக் கூடாது. இன்றைக்கே நிறுத்துங்கள். 2000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் வருகிறது, உங்கள் மிக்ஸி பிளக் 6 ஆம்பியருக்கானது. கன்வெர்டர் மாட்டினால் பின் உள்ளே போகுமே தவிர வயர் தடிமன் ஆகிவிடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுத்து 16 ஆம்பியர் பிளக் போடுங்கள், வயர் 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாமல், 4 போட்டால் நிம்மதி.

ஷாக் அடிப்பது பெரும்பாலும் எர்த் இல்லாததால்தான். ஸ்டவ்வுக்குள் மின் இரைச்சலை அடக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கும், அதிலிருந்து கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போகும், வழி இல்லையென்றால் கை வைப்பவர் வழியாகப் போகப் பார்க்கும். கடலோரத்தில் உப்பு மண்ணில் எர்த் பைப் சீக்கிரம் அரித்துவிடும், சுவரில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் கையோடு போட்டுவிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்து அப்புறமும் அடித்தால்தான் ஸ்டவ்வைச் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் ஓட்டாதீர்கள், பொங்கி வழிந்தால் தண்ணீர் உள்ளே காயிலுக்கே போய்விடும்.

லாஸ்பேட்டை சமையல்:
கம்பி நாரை முதலில் ஒளித்து வையுங்கள்! சூடு ஆறியதும் பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, பிழிந்த துணி, அவ்வளவுதான். காய்ந்து ஒட்டிய கறைக்கு சமையல் சோடாவைக் குழைத்துத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். தண்ணீரை மேலே ஊற்றிக் கழுவவே கூடாது. சமைத்து முடித்ததும் சுவரில் சுவிட்சைப் பட்டென்று அணைக்காதீர்கள், உள்ளே ஃபேன் ஓடி நிற்கட்டும். அடியில் காற்று போகும் துளைகளை மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டுங்கள். நமக்கு உப்புக்காற்று போதாதென்று கரப்பான் வேறு உள்ளே குடியேறிவிடும், போர்டு போனால் செலவு பெரிது. இடம் இல்லையென்று கேஸ் அடுப்பின் மேலேயே வைத்து ஓட்டுகிறார்களே, அது வேண்டாம், கீழே இருக்கும் இரும்பும் ஸ்டீலும் சூடேறும்.

முத்தியால்பேட்டை:
வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஸ்டவ்விலிருந்து இரண்டடி தள்ளி நிற்கச் சொல்வது வழக்கம்.

தேவனாம்பட்டினத்துக்காரி:
நன்றி தம்பி, நன்றி அக்கா. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், எர்த் வயர் பிளக் வரைக்கும் வரவே இல்லையாம்! தனி லைன் நாளைக்குப் போடுகிறார். இரும்பு தோசைக்கல் வைக்கலாமா? அப்புறம், கரண்ட் பில் எகிறுமா?

லாஸ்பேட்டை சமையல்:
அடி தட்டையாக இருந்தால் வைக்கலாம், குழிந்த கல் சரிப்படாது. எடுத்த எடுப்பிலேயே முழுச்சூடு வைத்தால் மெல்லிய கல் நெளிந்துவிடும், 800 வாட்ஸில் ஆரம்பியுங்கள். இழுக்காமல் தூக்கி வையுங்கள், இரும்பு கண்ணாடியைக் கீறும். வேறு பாத்திரம் வாங்கும்போது காந்தம் எடுத்துப் போங்கள், அடியில் நன்றாக ஒட்டினால் ஓடும். அலுமினியம், மண்சட்டி எல்லாம் ஓடாது. பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு யூனிட்டில் சுமார் பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.